மழை நாளில் அவர்கள் அடுப்பு எரியாது

சென்னை வால்டாக்ஸ் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. வாசலை விட்டு நாற்பது தப்படி நடந்தால் நடைபாதை. அங்கே ஏழு குடும்பங்கள். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் காட்சி நடத்தி வாழ்கிறவர்கள். பூ கட்டுகிறவர், பூண்டு உரிக்கிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் என்று எல்லோருக்கும் ஒரு தொழில் உண்டு. இல்லாதது கூரை மட்டும்தான்.

கல்யாணமாகி வந்து பத்து வருஷம் வரை அவர்களை நான் நின்று பார்த்ததுகூட இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் பெருமழையில் அவர்கள் எங்கள் மாடிப்படியின் கீழ் ஒண்டிக்கொண்டபோது, கைக்குழந்தைக்காரி ஒருத்தி சொன்னாள்: "அடுப்பு பத்த வைக்க முடியலக்கா. ரெண்டு நாளா பன்னுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் யாரிடமும் கையேந்துகிறவர்கள் அல்ல. மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். மழை பெய்தால் அடுப்பு எரியாது. அவ்வளவுதான் விஷயம்!

அடுத்த வாரம், உறவினர் வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய சாம்பார் சாதத்தைத் தூக்கில் போட்டுக்கொண்டு பெருமையாகப் போனேன். பூ கட்டும் ஆயா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இத்த நீ துன்னியாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். மாமியார்தான், "அழுதது போதும். நாளைக்கு நம்ம உலையிலேயே நாலு ஆழாக்கு கூடப் போடு" என்றார்.

அதைவிடப் பெரிய பாடம் 2016 மே மாதத்தில் கிடைத்தது. எங்கள் கல்யாண நாளென்று தேங்காய் சாதம் கிளறினேன். காலை பத்து மணிக்குச் செய்ததை, வேலையெல்லாம் முடித்து இரண்டரை மணிக்குத்தான் கொண்டுபோனேன். சாயங்காலம் அந்தக் கைக்குழந்தைக்காரியின் மூத்த பையன், நாலு வயசு, வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டான். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ராத்திரி முழுக்க டிரிப்ஸ் ஏற, வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். வேண்டாத தெய்வமில்லை.

டாக்டர் விளக்கினார். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, உலை கொதித்தாலும் சாவதில்லையாம். சாதம் மிதமான சூட்டில் வெளியே கிடந்தால் அது முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்குகிறதாம். பிறகு எத்தனை தடவை சுட வைத்தாலும் அந்த விஷம் போகாதாம். "சூடாக் கொடுங்க. இல்லேன்னா சீக்கிரம் ஆற வச்சு ஃபிரிட்ஜில வைங்க. வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்" என்றார்.

பையன் பிழைத்துக்கொண்டான். "நீ வேணும்னா செஞ்ச? விடுக்கா" என்றாள் அவள். அந்த வார்த்தை என்னை இன்னும் குத்தியது. என்னவரும் "போதும், விட்டுடு" என்றார். விட்டும்விட்டேன். ஐந்து மாசம் தூக்கைத் தொடவில்லை. ஐப்பசியில் ஒருநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அவள் நின்றாள், இடுப்பில் குழந்தை, கையில் காலிப் பாத்திரம். "மழை வர்ற மாதிரி இருக்குதேக்கா..." என்றாள். நான் அடுப்படிக்கு ஓடினேன்!

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் சில முறைகள், சகோதரிகளுக்கு உதவுமென்று சொல்கிறேன்.

பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, 300 கிராம் துவரம்பருப்பு, ஒரு கிலோ காய் போட்டுச் சாம்பார் சாதம் செய்கிறேன். பல் போன ஆயாக்களுக்காக நன்றாகக் குழைய விடுவேன். உப்பும் காரமும் மட்டு. தேங்காய் சேர்ப்பதில்லை. இறக்கிய அரை மணிக்குள் கொண்டுபோய்விடுவேன். சூடான சாதத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டுவதில்லை. அவரவர் தட்டிலேயே பரிமாறுவேன். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்குச் சாதத்தைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட வைப்பேன். பிள்ளை பெற்றவளுக்குத் தனியாகப் பூண்டுக் குழம்பு.

தினமும் செய்ய எனக்குச் சக்தியில்லை. அவசியமும் இல்லை. 2013-ல் ஆரம்பித்த அம்மா உணவகத்தில் கையில் பத்து ரூபாய் இருந்தால் ஒரு வேளை பசியாறலாம். ஆனால் அடைமழையில் அதுவரை நடக்க முடியாத கிழவிக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அங்கேதான் நம் வீட்டு அடுப்பு உதவுகிறது.

முதலில் "என்ன வேணும்?" என்று கேளுங்கள். நாமாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். போட்டோ எடுக்க வேண்டாம். நம் பிள்ளைக்குப் போடத் தயங்குவதை அவர்களுக்கும் போட வேண்டாம்.

வெள்ளிக்கிழமைதோறும் பூக்கார ஆயா எனக்கு இரண்டு முழம் மல்லிகை தருகிறார். முதலில் காசு நீட்டினேன். "நீ சோத்துக்குக் காசு வாங்கினியா?" என்று ஒரு முறை முறைத்தார். இப்போதெல்லாம் பேசாமல் வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறேன்.