கல்லூரியில் பாடம் நடத்த யார் சொல்லித் தருகிறார்கள்?

சித்தையன்கோட்டையில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த ஒருவர் இன்று புதிதாகப் பணியில் சேர வேண்டுமானால், பட்டம் மட்டும் போதாது. இரண்டு ஆண்டு பி.எட். படித்திருக்க வேண்டும். அதில் 20 வாரங்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் டெட் தேர்வு. அதே ஊர்ப் பெண் பிளஸ் டூ முடித்து, பஸ் ஏறித் திண்டுக்கல் பக்கம் கல்லூரிக்குப் போகிறாள். அங்கே அவளுக்குப் பாடம் எடுக்கிறவர் கற்பித்தலில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதுகலைப் பட்டத்தோடு நெட், செட் தேர்ச்சியோ பிஎச்.டி. பட்டமோ இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகிவிடலாம். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் பற்றிச் சில கேள்விகள் வரும், அவ்வளவுதான். நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடித்தவருக்கு, அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பை நடத்தத் தெரியும் என்று நாம் எப்படி நம்பிக்கொண்டிருக்கிறோம்?

இந்தக் குறையைச் சரிசெய்ய வாய்ப்பான காலம் ஒன்று உண்டு. வருங்கால ஆசிரியர் பிஎச்.டி. ஸ்காலராக இருக்கும் அந்த நான்கைந்து வருடங்கள். அப்போதே அவர் லேபில் நிற்கிறார், இன்டர்னல் தாள் திருத்துகிறார், கைடு ஊரில் இல்லாத நாளில் வகுப்பும் எடுக்கிறார். ஐஐடிகளில் இதற்கு டீச்சிங் அசிஸ்டென்ட் என்று பெயர், வாரத்துக்கு 8 மணி நேரம் என்று கணக்கு, உதவித்தொகையும் அதோடு சேர்த்தே. மற்ற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பெயரில்லாமலே நடக்கிற வேலை இது. பெயர் இல்லாததால் பயிற்சியும் இல்லை.

விதி இல்லாமல் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிஎச்.டி. மாணவரும் தன் பாடத்தைக் கற்பிக்கும் முறையையும் படிக்க வேண்டும், வகுப்பறை அனுபவமும் பெற வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளில் தமிழ்நாட்டுக்கு உள்ள கருத்து வேறுபாடு ஊரறிந்தது. இந்த ஒரு பத்தியோடு சண்டை போட யாருக்கும் காரணம் இருக்க முடியாது. 2022 நவம்பரில் யுஜிசி வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளிலும் அது வந்துவிட்டது. கற்பித்தல் பயிற்சி எல்லாத் துறை ஸ்காலர்களுக்கும் உண்டு. டுடோரியல், லேப், தாள் மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரம் 4 முதல் 6 மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்கலாம். அந்த மணிகளில் ஸ்காலருக்குப் பக்கத்தில் யார் இருப்பார், அவர் நடத்துவதைப் பார்த்து யார் திருத்துவார் என்பதைத்தான் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சொந்தமாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய கல்லூரிகளில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கலைப் பாடங்களுக்கு டியூட்டர், அறிவியலுக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் என்று விரிவுரையாளருக்குக் கீழே ஒரு படி. வத்திராயிருப்புப் பக்கம் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்த கே.எஸ். கிருஷ்ணன் அப்படி வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவர். மதிய இடைவேளையில் இயற்பியல், வேதியியல், கணக்கு எதிலும் யாரும் எந்தச் சந்தேகமும் கேட்கலாம் என்று உட்கார்ந்துவிடுவார். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1920இல் கல்கத்தா போய், பின்னால் சி.வி. ராமனோடு சேர்ந்து 1928 ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் பங்கெடுத்தவர் என்பதுதான் நம் பாடப்புத்தகங்களுக்குத் தெரிந்த கிருஷ்ணன். அந்த மதிய நேரக் கிருஷ்ணனும் தெரிய வேண்டியவர். பதில் தெரிந்தவராக இருப்பதோடு அவர் நிற்கவில்லை, அடுத்தவருடைய சந்தேகத்தை உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தை இளம் வயதிலேயே வளர்த்துக்கொண்டார். கலை, அறிவியல் கல்லூரிகளில் அந்தப் படியை எடுத்துவிட்டோம். எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை.

பயிற்சி என்றால் என்ன என்பதை ஒரு லேப் மேசையில் வைத்துப் பார்க்கலாம். பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. பர்மாங்கனேட் டைட்ரேஷன். பியூரெட்டில் கருஊதாக் கரைசல், குடுவையில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கிய ஆக்ஸாலிக் அமிலம். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் மாறாமல் நின்றால் முடிவு நிலை என்று மேனுவல் சொல்கிறது. மாணவி முதல் சொட்டை விடுகிறாள். நிறம் வந்துவிடுகிறது, உடனே போகவும் இல்லை. “மேம், கலர் வந்துருச்சு!” என்கிறாள். மேனுவலின்படி அவள் சொல்வது சரி. ஆனால் வினை இன்னும் வேகமெடுக்கவே இல்லை. முதல் சில சொட்டுகளில் அது மந்தமாகத்தான் நடக்கும். அதில் உண்டாகும் மாங்கனீசு அயனியே பிறகு வினையை வேகப்படுத்தும், அப்புறம் விழுந்த சொட்டு விழுந்தவுடன் நிறமிழக்கும்.

பக்கத்தில் நிற்கும் ஸ்காலர் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். “இது கூடத் தெரியாதா?” என்று பியூரெட்டை வாங்கித் தானே செய்து முடித்து, “பதினெட்டு புள்ளி நாலுன்னு எழுதிக்கோ” என்று அடுத்த மேசைக்குப் போகலாம். வேலை முடிந்துவிடும், பாடம் நடந்திருக்காது. இல்லாவிட்டால் சுய வினையூக்கம் பற்றிப் பத்து நிமிடம் விளக்கலாம். மாணவி தலையாட்டுவாள், குடுவை ஆறிப்போகும். மூன்றாவது வழி: “நல்லாக் குலுக்கிப் பாரும்மா. என்ன ஆகுது? இப்ப இன்னொரு சொட்டு விடு. முன்னாடி விட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” நிறம் சட்டென்று மறைவதை அவளே பார்ப்பாள். ஏன் என்று அவளே கேட்பாள். பதில் சொல்ல அதுதான் நேரம். வேதியியல் இந்த மூன்று ஸ்காலர்களுக்கும் ஒரே அளவுதான் தெரியும். மூன்றாமவரைப் போல நடந்துகொள்வது சிலருக்கு இயல்பாக வரும். பலருக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும், சொல்லிக்கொடுத்தால் நிச்சயம் வரும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இது இன்னும் ஒரு மடங்கு முக்கியம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த, பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளைகள் நிறைந்த ஊர்கள் இவை. புத்தகம் ஆங்கிலத்தில், மேனுவல் ஆங்கிலத்தில், வைவாவும் ஆங்கிலத்தில். பேராசிரியரிடம் வாய் திறக்கத் தயங்கும் பெண், நாலைந்து வயது மூத்த ஸ்காலரிடம் “அக்கா, இது புரியல” என்று சொல்லிவிடுவாள். அந்த அக்காவும் பல நேரம் இதே பஸ்ஸில் வந்து படித்தவள்தான், தான் எந்த வரியில் தடுக்கி விழுந்தோம் என்பது அவளுக்கு நினைவிருக்கும். தமிழில் புரியவைத்து, அதே கருத்தை ஆங்கிலத்தில் மாணவி வாயாலேயே சொல்லவைப்பது தனித்திறன். அது தெரியாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கிறது. வகுப்பு முழுக்கத் தமிழில் ஓடி, தேர்வில் பிள்ளை ஒரு வாக்கியம் எழுத முடியாமல் நிற்கிறாள். அல்லது நோட்ஸை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டி எழுதச் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு எப்படி நடத்தினார்களோ அப்படியே நாமும் நடத்துகிறோம், பயிற்சி குறுக்கிடாத வரை.

வெளிநாடுகளில் இது ஏற்கெனவே பழகிப்போன விஷயம். மிச்சிகன் பல்கலைக்கழகம் கற்றல், கற்பித்தலுக்கென்று ஒரு மையத்தை 1962இலேயே தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டில் 1960களின் தொடக்கத்தில் டுவைட் ஆலனும் அவர் குழுவினரும் மைக்ரோ டீச்சிங்கை உருவாக்கினார்கள். ஐந்து பத்து நிமிடப் பாடம், கேள்வி கேட்பது, எடுத்துக்காட்டுச் சொல்வது என்று ஒரு சமயத்தில் ஒரே ஒரு திறன். நடத்து, நடத்தியதைப் பார், குறை நிறை கேள், மறுபடி நடத்து. நம் பி.எட். கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று நெடுநாளாக இருப்பது இதுதான். எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு நாம் கட்டாயமாக்கியதைக் கல்லூரி ஆசிரியருக்குக் காட்டவேயில்லை.

காட்ட முடியாத தூரத்திலும் அது இல்லை. சித்தையன்கோட்டைக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டியை ஒட்டிக் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே ஸ்காலர்கள் இருக்கிறார்கள். கல்வியியல் துறை இருக்கிறது. காந்திகிராமத்திலேயே லட்சுமி கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் மையங்களில் ஒன்றும் இந்த வளாகத்தில்தான். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜாகத் தொடங்கி, 2015இல் மனிதவள மேம்பாட்டு மையமாகி, இப்போது இந்தப் பெயருக்கு வந்திருக்கும் ஏற்பாடு அது. அதன் புத்தொளிப் பயிற்சிகள் பயனுள்ளவை. ஆனால் அவை முதன்மையாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கானவை, பதவி உயர்வோடு கட்டப்பட்டவை. ஒருவர் பல பேட்ச் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி முடித்த பிறகு வந்து சேருகிற பயிற்சியால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

காந்திகிராமத்திடம் இன்னொரு சொத்தும் உண்டு. மாணவர்கள் கூட்டமாகப் போய் ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்யும் வில்லேஜ் பிளேஸ்மென்ட் புரோகிராம் (வி.பி.பி.) என்ற பழைய வழக்கம். மண் பரிசோதனை முடிவை ஒரு விவசாயிக்கு, அவர் நிலத்தை வைத்தே, அவர் பேச்சிலேயே சொல்லிப் புரியவைத்த மாணவர், கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துப் பேசக் கற்றுவிட்டார். அந்தப் பழக்கத்தைக் கிராமத்திலேயே விட்டுவிடாமல் லேபுக்கும் வகுப்புக்கும் கொண்டுவருவதுதான் மிச்ச வேலை.

ஒரு பயத்தையும் சொல்லியாக வேண்டும். ‘பயிற்சி’ என்ற பெயரில் ஸ்காலரை இலவச ஆசிரியராக்கிவிடும் அபாயம் நிஜமானது. உதவித்தொகையே இல்லாமல், டியூஷன் எடுத்துப் பஸ் காசு சேர்க்கும் ஸ்காலர்கள் உண்டு. பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறையில் வாரம் 4 மணி நேரம் 14 மணி நேரம் ஆவதற்கு நாளாகாது. வாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. நடத்தும் மணிக்கு ஊதியம் வேண்டும். கைடு தன் சொந்த வகுப்பை ஸ்காலர் தலையில் கட்டுவதற்குப் பயிற்சி என்று பெயர் சூட்டக் கூடாது. இதில் சமரசம் செய்துகொண்டு நடத்தப்படும் திட்டத்துக்கு, திட்டமே இல்லாதது மேல்.

செலவு பெரிதல்ல. செமஸ்டர் தொடங்குமுன் ஒரு வாரம், கல்வியியல் துறை நடத்தும் நுண்ணிலைப் பயிற்சி. பிறகு மாதம் ஒரு முறை மூத்த ஆசிரியர் ஒருவர் ஸ்காலரின் வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, அன்று மாலையே அரை மணி நேரம் பேசுவது. ஸ்காலர் திருத்திய ரெக்கார்டு நோட்டுகளில் நாலைந்தை எடுத்து, சிவப்பு மையில் வெறும் ‘தவறு’ என்று எழுதியிருக்கிறாரா, எங்கே தவறியது என்று காட்டியிருக்கிறாரா என்று சேர்ந்து பார்ப்பது. போனில் பதிவு செய்த பத்து நிமிட வீடியோ. இவ்வளவும் இருக்கிற கட்டடத்திலேயே நடக்கும்.

இல்லாதது அந்த மூத்த ஆசிரியரின் நேரம்தான். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடிக் கற்பித்தல். ஸ்காலரின் வகுப்பில் போய் உட்காரும் மணி இந்தப் பதினாலில் சேர்ந்தால்தான் அது வருடா வருடம் நடக்கும். சேராவிட்டால் நல்ல மனம் படைத்த ஒன்றிரண்டு பேராசிரியர்களோடு அது நின்றுபோகும். டைம்டேபிளில் அந்த ஒரு மணியை எழுதிச் சேர்க்கும் அதிகாரம் துறைத்தலைவரின் மேசையிலும் கல்விக்குழுக் கூட்டத்திலும் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டுக்கான டைம்டேபிளிலேயே அதைச் சேர்த்துவிடலாம்.