உங்களுக்குத் தெரியுமா? கணக்கில் வராத காயம்

● 1988 ஜூலை 31, ஞாயிறு மாலை. புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவும் சீனர்களின் குவான் யின் விழாவும் கூடிவந்த நாள். பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தில் கூட்டம் தாங்காமல் தளம் இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 32 பேர்; காயம்பட்டவர்கள் 1,500-க்கும் மேல். எலும்பு முறிவு கணக்கில் ஏறியது. மனத்தில் பட்ட காயத்தை யார் எண்ணினார்கள்?

● 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். இப்படி ஒன்றிலிருந்து உயிர்தப்பியவருக்குக் கடலோசை கேட்டாலே நெஞ்சு படபடக்கலாம். தூக்கத்தில் அலறி எழலாம். கடற்கரைப் பக்கமே போகாமல் ஒதுங்கலாம். இது கோழைத்தனமே அல்ல. ஆபத்து வந்தால் உடம்பை உசுப்பிவிடும் மூளையின் எச்சரிக்கை மணி, ஆபத்து போன பிறகும் நிற்காமல் அடிக்கிறது, அவ்வளவுதான். முதல் சில வாரங்களில் இது யாருக்கும் வரலாம், பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் வேலையையும் குடும்பத்தையும் குலைத்தால் அது பிடிஎஸ்டி என்னும் நோயாக இருக்கலாம்.

● அந்தப் பெயர் 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை அதற்கு முக்கியக் காரணம். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தாத்தாக்கள் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியரால் இழுத்துச் செல்லப்பட்டது 1942-43-ல். முதல் உலகப் போர்ச் சிப்பாய்க்காவது 'ஷெல் ஷாக்' என்றொரு பெயர் கிடைத்தது. பால்மரம் வெட்டியவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

● 'நடந்ததை எல்லாம் இப்போதே கொட்டிவிடு' என்று வற்புறுத்தாதீர்கள். சம்பவம் நடந்த கையோடு அப்படிப் பேசவைப்பது பலன் தராது என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. முதலில் தண்ணீர், பாதுகாப்பான இடம், பக்கத்தில் ஓர் ஆள். பேச வந்தால் மட்டும் காது கொடுங்கள்.

● 'பயந்த கோளாறு, மந்திரித்தால் சரியாகிவிடும்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். திருநீறு போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். அது தரும் ஆறுதல் உண்மையானது. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் நொந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சியையும் அவரவர் சமயத்துக்கேற்ற மந்திரச் சொல்லை மெல்ல உச்சரிப்பதையும் சிகிச்சையிலேயே சேர்த்தார். ஆனால் திருநீற்றோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை இருக்கிறது, அது பலரைக் குணப்படுத்துகிறது.

● இந்த வேதனை தாங்காமல் சாக நினைப்பவர்களும் உண்டு. மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023-லிருந்து குற்றமில்லை. போலீசுக்குப் பயந்து இனி யாரும் வாய்மூடி இருக்க வேண்டாம். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. உங்கள் வீட்டில் ஒருவர் இரவில் தூங்காமல் விழித்துக் கிடந்தால், இன்றே அவருக்காக நீங்கள் அந்த எண்ணை அழையுங்கள்.