காத்தமுத்துவின் மகளும் அட்டிகஸின் மகளும்

செட்டிகுளம் மலைமேல் முருகன் கையில் கரும்போடு நிற்கிறார். கீழே சின்ன வெங்காயக் காடு. நான் பிள்ளையாக இருந்தபோது இது திருச்சி மாவட்டம். 1995-இல்தான் பெரம்பலூர் தனியாகப் பிரிந்தது. எங்கள் பக்கத்துக் காடுகளில் வெங்காயத் தாள் அரியும் நாளில் எல்லோருக்கும் ஒரே வேப்பமர நிழல். தாகம் எடுத்தால் மட்டும் அந்த நிழல் இரண்டாகும். சிலர் கைக்குச் சொம்பே போகும். சிலர் குனிந்து உள்ளங்கையைக் குவிப்பார்கள், மேலிருந்து தண்ணீர் ஊற்றப்படும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வேலயப் பாருடா" என்றார் அப்பா.

கல்லூரி நாளில் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' கைக்கு வந்தது. 1960-இல் வெளிவந்த நாவல். செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நிற்கிறார் கறுப்பரான டாம் ராபின்சன். அவருக்காக ஊரையே பகைத்துக்கொண்டு வாதாடுகிறார் வெள்ளை வக்கீல் அட்டிகஸ். அதை மகள் ஸ்கவுட் சொல்கிறாள். இப்படி ஓர் அப்பா வாய்க்கவில்லையே என்று அன்று ஏங்கினேன். கதை முழுக்க வேடிக்கை பார்த்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே சொல்லப்படுகிறது, டாமின் பிள்ளைகளுக்கு அதில் குரலே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. 1885-இல் அமெரிக்காவில் வெளியான 'ஹக்கிள்பெரி ஃபின்'னிலும் கறுப்பரான ஜிம்மின் பாட்டை வெள்ளைப் பையன்தான் சொல்கிறான். 1970-இல் டோனி மாரிசன் 'தி புளூயஸ்ட் ஐ' எழுதியபோது திண்ணை மாறியது. நீலக் கண் கிடைத்தால் போதும் என்று ஏங்கும் கறுப்புச் சிறுமியின் கதையை இன்னொரு கறுப்புச் சிறுமி சொன்னாள்.

எங்கள் சீமையில் அந்தத் திண்ணை மாறியது 1989-இல். பெரம்பலூரில் பிறந்து ஐ.ஏ.எஸ். அதிகாரியான ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' அந்த ஆண்டு வந்தது. மூன்றாண்டு கழித்து பாமாவின் 'கருக்கு'. சிவகாமியின் நாவலில், ஆதிக்க சாதியாரிடம் அடிபட்ட தங்கம் அடைக்கலம் தேடி வருவது தலித் தலைவர் காத்தமுத்துவின் வீட்டுக்கு. போலீஸ், வழக்கு, நியாயம் என்று அவர் அசராமல் நிற்கிறார். ஆனால் அதே வீட்டில் இரண்டு மனைவிகள் அவருக்கு அஞ்சி வாழ்கிறார்கள். அடைக்கலம் வந்தவளும் கடைசியில் அவர் பிடிக்குள் போகிறாள். இரண்டையும் பார்த்து வளர்கிறாள் மகள் கௌரி. சாதிக்கு எதிராக முழங்கும் அப்பா, பெண் என்று வரும்போது இன்னொரு பண்ணையார். கல்யாணப் பேச்சைத் தள்ளிவிட்டுப் படிப்பைப் பிடித்துக்கொள்கிறாள் அவள்.

அப்பாவின் இன்னொரு முகம் கௌரிக்குப் பள்ளி வயதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்கவுட்டுக்குத் தெரிய, வாசகர் கணக்கில், 55 ஆண்டு ஆயிற்று. 2015-இல் வெளிவந்த லீயின் 'கோ செட் எ வாட்ச்மேன்' உண்மையில் முன்பே எழுதிய பிரதி. அதில் வளர்ந்த பெண்ணாக ஊர் திரும்புகிறவள், தன் அட்டிகஸ் நிறப் பிரிவினையை ஆதரிப்பவர்களோடு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக் காண்கிறாள். அமெரிக்க வாசகர்கள் பலருக்கு ஆறவே இல்லை. சிவகாமியோ 1997-இல் 'ஆசிரியர் குறிப்பு' எழுதித் தன் நாவலையே கூண்டில் ஏற்றினார்: நான் யாரை எப்படிக் காட்டினேன், ஏன்? மகள் வளர்ந்ததோடு எழுதியவரும் வளர்ந்தார்.

இன்று காட்டில் அவரவருக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். சொம்பு பரணில் கிடக்கிறது. அதற்காகப் பேதம் ஒழிந்தது என்பவரிடம் கல்யாணப் பேச்சை எடுத்துப் பாருங்கள். அந்த வேப்பமரம் அப்படியே நிற்கும்.

இந்தக் கட்டுரையை முதலில் படித்தவள் என் மகள். முதல் பத்தியிலேயே விரலை வைத்தாள்.

"'ஊற்றப்படும்'னு எழுதியிருக்கீங்களேப்பா. ஊத்துனது யாரு?"

பத்து வயதில், அப்பா சொன்னபடி, நான்தான்.