நோட்டீஸ் வந்த வீடும் நம்ம டேப்பும்



‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பார்கள். இந்தக் காலத்தில் ‘நோட்டீஸ் வாங்கிப் பார்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்ரூவல் பிளானில் ஒன்று, தரையில் இன்னொன்று என்று கட்டிய வீடுகளுக்கு வருமே, அந்த நோட்டீஸ்தான். நாம் டிப்ளமோ முடித்து ஊர் போய்ச் சேர்ந்ததும், "தம்பி, நீ சிவில்தானே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று சொந்தக்காரர்கள் நம் கையில்தான் அதைத் திணிப்பார்கள். அப்போது முழிக்காமல் இருக்க இந்தக் கட்டுரை.

நோட்டீஸைப் படி

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். கட்டி முடித்த விதிமீறலுக்கு 56-ஆவது பிரிவு. நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்த 57-ஆவது பிரிவு. எந்தப் பிரிவு, எத்தனை நாள் கெடு, எந்த இடத்தில் எவ்வளவு மீறல் - இந்த மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். 57 என்றால் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டியதுதான். "இந்த ஸ்லாப்பை மட்டும் போட்டுடலாம் சார்" என்று மேஸ்திரி சொல்வார். கேட்டுவிடாதீர்கள்!

நோட்டீஸ் இல்லாமல், 15 நாளாவது அவகாசம் தராமல் இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-ஆம் தேதி கூறியது. ஆனால் ரோடு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் கட்டியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

டேப்பை எடு

அடுத்த வேலை, வீடு இன்றைக்கு நிற்கிறபடியே ஒரு பிளான் வரைவது. காம்பவுண்ட் சுவரிலிருந்து அளக்காதீர்கள். சுவரே தள்ளி நிற்கலாம். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை வைத்துக்கொண்டு எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும். பழைய பிளானோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களைச் சிவப்பு மையில் காட்டுங்கள்.

ஒரு கணக்கு: மனை 30 அடிக்கு 40 அடி, அதாவது 1200 சதுர அடி. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி சாதாரண வீட்டுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. ஆகவே எல்லா மாடியும் சேர்ந்து 2400 சதுர அடி கட்டலாம். மாடிக்கு 900 வீதம் மூன்று மாடி கட்டியிருந்தால் 2700. எஃப்.எஸ்.ஐ. 2.25, அதிகம் 300 சதுர அடி. அந்த 300 எங்கே இருக்கிறது என்பதில்தான் வீட்டுக்காரரின் தலையெழுத்து இருக்கிறது.

மூன்று வகை

(1) பேப்பரில் தீர்வது: உள்சுவர் இடம் மாறியது, எஃப்.எஸ்.ஐ.க்கும் செட்பேக்குக்கும் உட்பட்டு ஒரு ரூம் கூடியது போன்றவை. கெடுவுக்குள் 49-ஆவது பிரிவின்படி திருத்திய பிளானோடு அனுமதி கேட்கலாம். கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யைக் கட்டணம் கட்டி வாங்கவும் வழி உண்டு. ஆனால் ரோட்டின் அகலம் போதுமானதாக இருக்க வேண்டும்.

(2) கடப்பாரையில் தீர்வது: செட்பேக்கில் கட்டிய பாத்ரூம், ரோட்டுக்கு மேல் நீட்டிய சன்ஷேடு, ரூமாக மாறிய கார் பார்க்கிங். வீட்டுக்காரரே எடுத்துவிட்டு, போட்டோவோடு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

(3) இரண்டிலும் தீராதது: மூன்று மாடிக்கும் காலம் எழுப்பியே செட்பேக்கைத் தின்றிருந்தால் சிக்கல். காலத்தையும் பீமையும் கண்டபடி வெட்டினால் மிச்ச வீடும் போகும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல், முட்டுக் கொடுக்காமல் சுத்தியலைத் தொடக் கூடாது.

"வரன்முறைத் திட்டம் வரும், பார்த்துக்கலாம்" என்பார் சிலர். 2012-இல் சேர்த்த 113-சி பிரிவு, 2007 ஜூலை 1-க்குள் கட்டி முடித்தவற்றுக்குத்தான். அதை நம்பிப் புதிதாகக் கட்டுவது, போன பஸ்ஸுக்குக் கை காட்டுகிற கதை.

பேப்பர் மட்டும் போதுமா?

போதாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது அப்ரூவல் வாங்கிய கட்டிடம்! பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். எனவே அனுமதி இல்லாத மாடியைப் பார்க்கப் போனால், அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்பதையும் கேளுங்கள். அனுமதி வாங்கிவிடலாம் என்பதற்காகப் பலமில்லாத மாடியை விட்டுவைக்கக் கூடாது.

கயிறு அடிக்கும் நாள்

இத்தனை அலைச்சலையும் மிச்சப்படுத்த ஒரே ஒரு நாள் இருக்கிறது. அது மார்க்கிங் செய்து கயிறு அடிக்கும் நாள். அன்றைக்கு இரண்டடி தள்ளி முளையடிக்க ஐந்து நிமிடம் போதும். ஸ்லாப் போட்ட பிறகு அதே இரண்டடிக்கு ஒரு குடும்பத்தின் பி.எஃப். பணமும் நகையும் போகும். "ரெண்டடிதானே தம்பி, யாரு வந்து அளக்கப் போறாங்க?" என்று அன்றைக்குக் கேட்பார்கள். "நானே அளப்பேன் சார்" என்று சொல்கிற தைரியம் நமக்கு வேண்டும். சர்வே பிராக்டிகலில் நாம் பிடித்த டேப்புக்கு அதுதான் மரியாதை.