மேலாண்மைப் பட்டமும் மதுரைப் பாடமும்

நாம் நாளும் கடந்து செல்லும் காளவாசலின் பெயர் செங்கற்சூளையைக் குறிப்பது. பச்சைக்கல் சூளையில் வெந்த பின்னரே சுவரைத் தாங்கும். எம்.பி.ஏ. என்னும் வணிக மேலாண்மைப் பட்டமும் அத்தகையதே. 1908இல் ஆர்வர்டில் தொடங்கிய இவ்விரண்டாண்டுப் படிப்பில் கணக்கியல், நிதி, சந்தையியல் முதலியன பயிலப்படினும், மெய்யான நிறுவனமொன்றின் சிக்கலை ஆராய்ந்து முடிவெடுக்கும் பயிற்சியே அதன் உயிர்நாடி.

1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, அவ்வாறு ஆர்வர்டில் பாடமாயிற்று. கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டு ஏழையர்க்கும் பார்வை வழங்கும் முறையை உலகம் இங்கிருந்து கற்றது.

கடன்பட்டும் பிள்ளைகளைச் சேர்க்க விழையும் பெற்றோரே, கட்டணத்தோடு கற்பிக்கும் முறையையும் வினவுங்கள். மாணவர்களே, ஊதியம் பட்டத்தின் ஒரு பயனே. பிறர்க்குப் பயன்படும் முடிவெடுக்கும் திறனே அதன் முழுப்பயன் என்போம்.