கூரையில் சோலார் இருந்தும் வீடு இருட்டாவது ஏன்?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது நினைவிருக்கும். அன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கூரை நிறைய சோலார் பெனல் வைத்திருந்த வீடுகளிலும் மின்விசிறி நின்றது. "இலட்சக்கணக்கில் செலவழித்தோம், பட்டப்பகலில் கூட கரண்ட் இல்லையே" என்று பலர் குறைபட்டுக் கொண்டார்கள்.

இது கம்பனிக்காரர் செய்த ஏமாற்று அல்ல. சாதாரண சோலார் இன்வேர்ட்டர் மின்கம்பியில் வரும் மின்சாரத்தைப் பார்த்து, அதனோடு ஒத்திசைந்துதான் வேலை செய்யும். வெளியே மின்சாரம் நின்றால் தானும் உடனே நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் உங்கள் கூரை மின்சாரம் வீதிக் கம்பிக்குப் போய், திருத்த வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமென்றால், வீட்டை வீதிக் கம்பியிலிருந்து தானாகத் துண்டித்துக்கொண்டு பற்றரியில் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் தேவை.

அதற்கு முன் வியாபாரிகள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2016இல் ஆரம்பமான 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் மூன்று முறைகள் இருந்தன. நெட் மீற்றரிங்கில் மிச்ச அலகுகள் அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெட் எக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு வரும். நெட் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதும் விற்பனைக்கு, வீட்டுப் பாவனைக்குத் தனி பில். முதல் இரண்டிலும் மின்கம்பியே உங்களுக்கு இலவசக் களஞ்சியம் போலத்தான். பகலில் கொடுத்ததை இரவில் எடுக்கிறீர்கள். எனவே அந்த ஒப்பந்தத்தில் இருப்பவர் பில் குறையும் என்று நம்பிப் பற்றரி வாங்கினால் போட்ட முதல் திரும்ப வருவது கஷ்டம். பற்றரி என்பது மின்தடைக்கு எதிரான காப்புறுதி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, குளிரூட்டியில் இறைச்சியும் ஐஸ்கிரீமும் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காப்புறுதியின் பெறுமதி நன்றாக விளங்கியிருக்கும்.

எவ்வளவு பெரிய பற்றரி? மூன்று மின்விசிறிக்கு 210 வொட், ஆறு எல்ஈடி பல்புக்கு 60, குளிர்சாதனப் பெட்டிக்குச் சராசரியாக 60, இணைய ரவுட்டருக்கும் போன் சார்ஜுக்கும் 20. மொத்தம் 350 வொட். 12 வோல்ட் 150 அம்பியர் மணி ஈயப் பற்றரி இரண்டில் எழுத்தில் 3.6 அலகு இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இன்வேர்ட்டரில் வீணாவதையும் கழித்தால் நாலரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். 51.2 வோல்ட் 100 அம்பியர் மணி லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றரியில் 5.12 அலகு, எண்பது சதவீதம் தாராளமாக எடுக்கலாம். அதே பாவனைக்குப் பத்து மணித்தியாலம் வரும். ஈயப் பற்றரி கைக்கு மலிவு. தண்ணீர் ஊற்ற வேண்டும், வாயு வெளியேறக் காற்றோட்டம் வேண்டும், சில வருடங்களில் மாற்றவும் வேண்டும். முதல் உள்ளவருக்கு லித்தியமே இலாபம் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். வெப்பம் பற்றரியின் எதிரி.

தண்ணீர் மோட்டாரையும் ஏசியையும் இந்த இணைப்பில் போட வேண்டாம். ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது 750 வொட் அளவுதான். கிளம்பும்போது அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு கேட்கும். சிறிய இன்வேர்ட்டர் அப்போது கைவிரித்துவிடும்.

அவசரத்துக்குத் தேவையான இணைப்புகளை மட்டும் தனி விநியோகப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் பழைய வீடுகளில் சிக்கல். கொட்டாஞ்சேனை பக்கத்துப் பழைய கட்டிடங்களில் பல அறைகளுக்கு ஒரே நியூற்றல் வயர் ஓடியிருப்பதுண்டு. அதைப் பிரிக்காமல் லைவ் வயரை மட்டும் மாற்றினால் ட்ரிப் சுவிட்ச் ஓயாமல் விழும். 'விழுகிறதே' என்று அதைக் கழற்றிவிடும் மின்வினைஞரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

வெள்ளவத்தையில் கடற்காற்று உப்போடு வரும். பெனல் சட்டத்துக்கு அலுமினியம், ஆணிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு என்று விலைப்பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். தொடர்மாடியில் இருப்பவருக்குக் கூரை சொந்தமல்ல, முகாமைத்துவ சபையின் அனுமதி வேண்டும். உண்மையில் அவர்களில் பலருக்குப் பெனலே தேவையில்லை. மின்கம்பியிலிருந்து சார்ஜ் ஆகும் இன்வேர்ட்டரும் பற்றரியும் போதும். பக்கத்து மாடியின் நிழல் விழும் கூரைக்கும் இதே ஆலோசனைதான்.

ஏற்கனவே சோலார் உள்ளவர்கள் பழைய இன்வேர்ட்டரைத் தூக்கியெறிய வேண்டியதில்லை; அதோடு சேர்ந்து இயங்கும் பற்றரி இன்வேர்ட்டரைத் தனியாகப் பூட்டலாம். இரண்டும் ஒத்துப்போகுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நெட் பிளஸ்காரர் விசேடமாகக் கவனிக்க வேண்டும்: அவரது சோலார் வயர் நேரே விற்பனை மீற்றருக்குப் போகிறது. அதை வீட்டுப் பக்கம் திருப்பினால் ஒப்பந்தமே மாறும். மின் விநியோக நிறுவனத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

கடைசிக் காசைக் கொடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து ஒரு மணித்தியாலம் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். மின்கம்பியிலிருந்து பிரிந்த நேரத்தில் இன்வேர்ட்டரின் நியூற்றல் முறைப்படி எர்த்தோடு இணையாவிட்டால், கசிவு வந்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தான் இதைக் காட்டாது. பற்றரியில் ஓடும்போதே சோதனைக் கருவியால் அளந்து, அந்த அளவைக் கையொப்பத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.