எஞ்சின் பிளாக்கை வெந்நீரில் கழுவுவது

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிளாக், ஹோனிங் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறது. பட்டறையிலேயே டீசல் விட்டுக் கழுவித்தான் கொடுத்தாங்க. பளபளன்னு இருக்கு. ஆனாலும் அப்படியே பூட்டக் கூடாது.

ஹோனிங் கல்லிலிருந்து உதிரும் பொடி, சிலிண்டர் சுவரில் அதே கல் போட்ட குறுக்குக் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். டீசலும் மண்ணெண்ணெயும் பிசுக்கைக் கரைக்கும். பொடியைச் சரியாகக் கிளப்பாது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால்தான் அது வெளியே வரும். (இரும்பில் தண்ணியான்னு மெக்கானிக் முறைப்பார். முறைக்கட்டும்.)

ஆயில் ஓடும் துளைகளை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். அடைப்பான்களைக் கழற்றி, நீளமான பிரஷ்ஷை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுக்கணும். மெயின் கேலரி ஃபில்டரைத் தாண்டி இருப்பதால், அங்கே தங்கும் பொடி நேரே பேரிங்குக்குப் போய்விடும்.

கழுவியதும் வேகமாக வேலை பார்க்கணும். வார்ப்பிரும்பு சில நிமிஷத்திலேயே துரு பிடிக்கும். காற்றடித்து ஈரத்தைப் போக்கி, எஞ்சின் ஆயில் நனைத்த வெள்ளை வேட்டித் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் புது ரிங்கை அரைக்கப் போகும் பொடி இன்னும் உள்ளே இருக்குன்னு அர்த்தம். மறுபடியும் வெந்நீர் வைங்க.